திமிங்கலத்துக்குப் போன ஏழு நாட்கள்

சிவசண்முகத்துக்கு இரண்டு வேலை. திங்கள் முதல் வெள்ளி வரை பத்திரப்பதிவு அலுவலகத்தில் எழுத்தர். சனி, ஞாயிறுகளில் பட்டிமன்றப் பேச்சாளர். முதல் வேலையில் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. கிழக்கே இன்னாருடைய நஞ்சை, மேற்கே வாய்க்கால் என்று அடுத்தவர் சொத்தின் நான்கு எல்லையையும் பிழையில்லாமல் எழுதிக்கொண்டிருந்தால் போதும். ஐந்து நாள் பேசாமல் சேர்த்துவைத்ததை இரண்டு நாளில் கொட்டித் தீர்க்கிறார் என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள். கேலி செய்தவர்கள்தான் டவுனில் கூட்டம் நடந்தால் குடும்பத்தோடு வந்து முன்வரிசையில் இடம் பிடிப்பார்கள்.

தாத்தா காலத்தில் ஆற்றுப் பாசனத்தில் நிலம் இருந்த குடும்பம். அப்பா காலத்தில் அது ஒரு வீடாகச் சுருங்கி, இவர் காலத்தில் அந்த வீடும் கைவிட்டுப் போய், ரத வீதிக்குப் பின்னால் வாடகைக்குக் குடியிருந்தார். அதைப் பற்றி அவருக்குப் பெரிய வருத்தம் கிடையாது. ஆள் ஒல்லி, மாநிறம், தெருவில் பார்த்தால் யாரும் இன்னொரு தடவை திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மைக் முன்னால் நின்றால் மட்டும் வேறு ஆள். முந்நூறு பேரைச் சிரிக்கவைக்க அவருக்கு இரண்டு நிமிடம் போதும். அழவைக்க ஐந்து நிமிடம்.

தலைப்பு எதுவானாலும், அணி எதுவானாலும் பேசுவார். குடும்பத்தின் மகிழ்ச்சிக்குக் காரணம் கணவனே என்று சனிக்கிழமை நாங்குநேரியில் மேசையைத் தட்டிப் பேசியவர், மனைவியே என்று ஞாயிற்றுக்கிழமை சாத்தான்குளத்தில் தழுதழுத்தார். இரண்டு கூட்டத்துக்கும் போய்வந்த அவர் மனைவி அன்னத்தாய், அந்த வாரம் முழுக்க அவருக்கு ரசம் சோறுதான் போட்டாள். அவர் அதையும் அடுத்த ஊரில் சொல்லிக் கைத்தட்டு வாங்கிவிட்டார்.

இந்த மனிதருக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. கூட்டம் சும்மா இருப்பது. ஒரு கோவில் கொடை விழாவில் அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நாலைந்து பேர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு சுக்குக்காபி குடிக்கப் போனார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் பத்துப் பேர். அன்று அவருக்குப் பேச்சு குழறி, பாதியில் உட்கார வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு எந்த மேடையிலும் முதல் ஆள் எழுவதற்கு முன்பே ஏதாவது செய்து அந்தக் கூட்டத்தைப் பிடித்து உட்காரவைத்துவிடுவார். அந்த ஏதாவதுக்கு அவர் கணக்கு வைத்துக்கொண்டதில்லை.

தொண்ணூற்றைந்தாம் வருஷம் அக்டோபரில் அணைக்கட்டு ஊரான மணிமுத்தாற்றிலிருந்து அழைப்பு வந்தது. வன உயிரின வார விழா. நடத்துபவர்கள் அந்தப் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் சேர்ந்து வைத்திருந்த ஒரு மன்றத்தார். தலைப்பைப் பார்த்ததும் சிவசண்முகம் குழுவின் நடுவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வைத்தியலிங்கம், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தார். அழிந்துகொண்டிருக்கும் உயிர்களில் நாம் முதலில் காக்க வேண்டியது திமிங்கலமா, அந்துப்பூச்சியா? கணவன் மனைவியைப் பேசிப் பேசிச் சலித்துப்போனவர்களுக்கு இது ஒரு மாற்றமாக இருக்கட்டுமே என்று ஒத்துக்கொண்டார்கள்.

திமிங்கலத்துக்குப் பேசச் சிவசண்முகம் முந்திக்கொண்டார். பெரிய உருவம், கடல், அலை, தாய்ப்பாசம், எதை வேண்டுமானாலும் அதன் முதுகில் ஏற்றலாம். பூச்சி அணிக்கு ஓர் ஆள் குறைந்தது. மன்றத்தார், உள்ளூரிலேயே ஒரு பெண் இருக்கிறாள், அவளாகவே கேட்டு வருகிறாள் என்றார்கள். பெயர் சந்தனமாரி. வயது இருபத்தாறு. மலையடிவாரத்துப் பால்வாடியில் ஆசிரியை. அப்பாவும் அம்மாவும் மேலே தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர்கள். இவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசைவீடுகளில். மேடையே ஏறியதில்லை.

பட்டிமன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. கேட்கிறவர்களுக்கு அது தெரியாது. மேடையில் கீரியும் பாம்புமாக நிற்பவர்கள், அதற்கு முன் ஓர் அறையில் சேர்ந்து உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டு, நான் இதைச் சொல்வேன், நீ அதற்கு இப்படி என்னை வார வேண்டும் என்று பேசிவைத்துக்கொள்வார்கள். எந்தச் சரக்கு யாருக்கு என்பது அங்கேயே பிரிந்துவிடும். பிரிந்த பிறகு அடுத்தவர் சரக்கில் கைவைப்பது கிடையாது. எழுதிவைக்காத சட்டம்தான். ஆனாலும் அந்த ஒரு சட்டத்தை நம்பித்தான் எல்லோரும் அறையில் வாயைத் திறக்கிறார்கள்.

விழா அன்று மூன்று மணிக்கு, கூட்டம் நடக்கும் பள்ளிக்கூடத்தின் ஒரு வகுப்பறையில் உட்கார்ந்தார்கள். சந்தனமாரி ஒரு நோட்டோடு வந்திருந்தாள். நோட்டுக்குள் மடித்துவைத்த ஒரு மனு. பேசுவதைவிட அந்த மனுதான் அவளுக்கு முக்கியம் என்பது போகப் போகத் தெரிந்தது. பால்வாடிக்கு எதிரே சாலையோரம் பதினேழு மட்டிமரங்கள் நின்றன. தீக்குச்சிக்கு வெட்டுவார்களே, அந்த மரம். சாலையை அகலப்படுத்துவதற்காக அவற்றை வெட்டப்போகிறார்கள். மூன்று தடவை அனுமதி தரும் அலுவலகத்துக்கு நடந்து மனு கொடுத்திருக்கிறாள். பூச்சிக்காக மனுவா என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள். வெட்டுவதற்குக் கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரியே இன்றைய விழாவுக்குச் சிறப்பு விருந்தினர். அவர் உட்கார்ந்து கேட்கும் இடத்தில் பேசிவிட்டு, மேடையிலேயே அவர் கையில் மனுவைக் கொடுத்துவிட்டால், ஊர் முன்னால் சிரிக்க மாட்டார் அல்லவா? அதற்காகத்தான் வந்தேன் என்றாள்.

அப்படி அந்தப் பூச்சியில் என்னதான் இருக்கிறது என்று வைத்தியலிங்கம் கேட்டார். அவள் சொல்ல ஆரம்பித்தாள். இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து விரித்தால் எவ்வளவோ அவ்வளவு பெரிய பூச்சி. செங்கல் நிறம். இறக்கையின் நுனி பாம்புத் தலை மாதிரி இருக்கும் என்பதால் லயத்தில் பாம்புத்தலைப் பூச்சி என்பார்கள். புழுவாக இருக்கும்போது மட்டிமர இலையைத் தின்று தீர்க்கும். கூட்டை விட்டு வந்த பிறகு அதற்குச் சாப்பாடே கிடையாது. பழைய தீனியின் பலத்தில் ஒரு வாரமோ பத்து நாளோ உயிரோடு இருக்கும். அதற்குள் ஜோடி சேர்ந்து முட்டையிட்டாக வேண்டும். பெண்பூச்சி பறந்து அலையாது. ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு வாசனை விடும். அதை மோந்து ஆண்பூச்சி எங்கிருந்தாலும் வரும். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, லயத்துச் சுவரில் ஒரு பெண்பூச்சி உட்கார்ந்தால் விடிவதற்குள் மூன்று நான்கு ஆண்பூச்சிகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கும்.

அதற்கு மேல் அவள் நோட்டைப் பார்க்கவில்லை.

“போன ஆவணியில பால்வாடிச் சொவத்துல ஒண்ணு வந்து உக்காந்துது அண்ணாச்சி. நான் தெனமும் வெள்ளனயே வந்து பாப்பேன். தனியாத்தான் இருக்கும். ரெண்டாம் நாளு, மூணாம் நாளு, யாருமே வரல. ரெக்கை ஓரமெல்லாம் பிஞ்சு போச்சு. ஆனா எடத்த விட்டு அசையல. ஏழாம் நாளு வந்து பாத்தா, சொவத்துல முட்ட போட்டு வச்சிருக்கு. ஜோடி சேராம போட்ட முட்ட, அது பொரிக்காது. கீழ செத்துக் கெடந்துது. அது கூப்புட்டுக்கிட்டேதான் இருந்துருக்கு. வாரதுக்குத்தான் ஒண்ணும் மிச்சம் இல்ல.”

அறையில் யாரும் காபியைத் தொடவில்லை. சிவசண்முகம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது நடிப்பில்லை. எத்தனையோ பேச்சைக் கேட்டவர். இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. இதைக் கடைசியில் சொல்லு தாயி, சத்தம் போட வேண்டாம், இப்போது சொன்ன மாதிரியே பைய சொல்லு, ஏழாம் நாள் என்றதும் கொஞ்சம் நிறுத்து என்று சொல்லிக்கொடுத்தார். அவள் நோட்டின் ஓரத்தில் ‘நிறுத்து’ என்று எழுதிக்கொண்டாள். அவரிடம் திமிங்கலத்துக்கென்று இருந்ததெல்லாம் சிறுவர் புத்தகம் ஒன்றிலிருந்து எடுத்த ஒரு பக்கக் குறிப்பும், குண்டான மனைவிமார்களைப் பற்றிய நான்கு பழைய ஜோக்குகளும்தான்.

ஐந்து மணிக்குக் கூட்டம். மைதானம் நிறைந்திருந்தது. அணைக்குடியிருப்புக்காரர்கள், எஸ்டேட்டிலிருந்து பஸ்ஸில் இறங்கி வந்தவர்கள், வயல் வேலை முடிந்து வந்த பெண்கள். அதிகாரி நடுவில் உட்கார்ந்து அடிக்கடி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வைத்தியலிங்கத்தின் முன்னுரை முடிந்து, அணிக்கு ஒருவராக முதல் இருவர் பேசி முடித்தபோதே கூட்டம் தளர்ந்துவிட்டது. மூன்றாவதாகச் சிவசண்முகம் எழுந்தார். முதல் ஜோக்குக்கு முன்வரிசை மட்டும் சிரித்தது. இரண்டாவது ஜோக்கு அப்படியே தரையில் விழுந்தது. கடலையே பார்க்காத மலையடிவாரத்துக் கூட்டத்துக்குத் திமிங்கலத்தின் எடை எத்தனை டன்னாக இருந்தால் என்ன? இடதுபக்கம் ஓர் ஆள் எழுந்து வேட்டியைத் தட்டினான். அவனைப் பார்த்து இன்னொருவன் எழுந்தான். அதிகாரி கொட்டாவி விட்டார்.

சிவசண்முகம் எழுந்து நின்ற அந்த இருவரையும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். மைக்கை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

மணப்பாட்டுக் கடலில், கரைக்கு எட்டிய தூரத்தில், ஒரு பெண் திமிங்கலம் வந்து நின்றது என்றார். நான் இளைஞனாக இருந்தபோது இந்தக் கண்ணால் பார்த்தது என்றார். ஜோடியைத் தேடிக் குரல் கொடுத்துக்கொண்டே நின்றது. ஒரு நாள் வரவில்லை. இரண்டாம் நாள், மூன்றாம் நாள், யாரும் வரவில்லை. அலை அடித்து அடித்து அதன் தோல் கிழிந்தது; இடத்தை விட்டு அசையவில்லை. ஏழாம் நாள். இங்கே நிறுத்தினார். எழுந்த இரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். ஏழாம் நாள் நான் போய்ப் பார்த்தேன், கரையில் செத்துக் கிடந்தது. அது கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறது, ஐயா. வருவதற்குத்தான் கடலில் ஒன்றும் மிச்சமில்லை.

பெண்கள் பக்கத்தில் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்கள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். அப்புறம் எழுந்த கைத்தட்டல் அடங்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. சிவசண்முகம் உட்காரும்போது அவர் உடம்பு முழுக்க ஒரு சூடு ஓடியது. ஊரே தன் கைக்குள் அடங்கிய அந்தச் சூடு அவருக்குப் பழக்கமானதுதான். அது இறங்கிய பிறகுதான் எதிர்ப்பக்க நாற்காலி அவர் கண்ணில் பட்டது.

சந்தனமாரி எழுந்து மைக் முன்னால் வந்தாள். என்ன செய்வாள் பாவம், அவளிடம் வேறு சரக்கில்லை. இருந்தாலும் மாற்றிப் பேசத் தெரியாது. பூச்சியின் அளவைச் சொன்னாள், மட்டிமரத்தைச் சொன்னாள். பால்வாடிச் சுவரில் ஒரு பெண்பூச்சி வந்து உட்கார்ந்தது, ஜோடி வரவில்லை, இரண்டாம் நாள், மூன்றாம் நாள் என்று அவள் சொல்லிக்கொண்டு போகும்போதே கூட்டத்தின் பின்பக்கம் கலகலத்தது. ஏழாம் நாள் என்று சொல்லி, சொல்லிக்கொடுத்தபடியே நிறுத்தினாள். அந்த இடைவெளியில் ஒருவன், “இத இப்பதான திமிங்கலத்துக்குக் கேட்டோம்” என்றான். மைதானம் முழுக்கச் சிரித்தது. வைத்தியலிங்கம் அறையில் எல்லாவற்றையும் கேட்டவர்தான். ஆனால் சிரிப்பு வந்தால் அதை வளர்ப்பது நடுவர் வேலை. எதிரணி அசந்த நேரம் பார்த்துத் திமிங்கலத்தையே தூக்கிவிட்டாளே இந்தப் பெண் என்று ஒரு போடு போட்டார். அதிகாரி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

அவள் திரும்பிச் சிவசண்முகத்தைப் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்பதுதான் அந்தப் பார்வை. ஒரு வார்த்தை போதும். இது அந்தப் பிள்ளையின் கதை என்று உட்கார்ந்தபடியே சொல்லியிருக்கலாம். முந்நூறு பேர் முன்னால் இருபது வருஷம் வாய் ஓயாமல் பேசிய மனிதர், மடியில் கிடந்த பொன்னாடையின் சரிகையை விரலால் நீவிக்கொண்டு குனிந்திருந்தார். “எல்லாத்தையும் அண்ணாச்சியே சொல்லிட்டாவ” என்று மைக்கில் சொல்லிவிட்டு அவள் போய் உட்கார்ந்தாள். மனு நோட்டுக்குள்ளேயே இருந்தது. தீர்ப்பு திமிங்கலத்துக்குத்தான் என்று சொல்லவும் வேண்டுமா?

வேனில் திரும்பி வரும்போது, வாய் தவறி வந்துவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அம்பாசமுத்திரம் தாண்டுவதற்குள் அது பொய் என்று அவருக்கே தெரிந்துபோயிற்று. வாய் தவறி வந்த கதைக்கு மணப்பாடு என்று ஊர்ப்பெயர் எப்படி வரும்? கிழிந்த இறக்கையைக் கிழிந்த தோல் என்று மாற்றத் தெரிந்த வாய் தவறின வாயா? களவாணிப்பயல்கூட எடுத்த பொருளுக்குச் சாயம் பூச வீட்டுக்குப் போகும் வரை பொறுப்பான். இவர் மேடையிலேயே பூசிவிட்டார்.

அன்றோடு அது முடிந்திருந்தால் ஆளுக்கு வயதாக ஆக மறந்திருக்கும். முடியவில்லை. கேட்டவர்கள் நாலு ஊரில் போய்ச் சொன்னார்கள். எங்கே கூப்பிட்டாலும் தலைப்பு எதுவானாலும், அண்ணாச்சி, அந்தத் திமிங்கலத்தை ஒரு தடவை சொல்லிருங்க என்று சீட்டு வந்தது. தாய்மைக்கும் சொன்னார், காதலுக்கும் சொன்னார், முதியோரைக் கைவிடும் பிள்ளைகளுக்கும் சொன்னார். டேப்பில் பதிந்து டீக்கடைகளில் போட்டார்கள். ஒவ்வொரு தடவை ஏழாம் நாள் என்று நிறுத்தும்போதும் சரிகை நீவிய அந்த விரல் தானாக மடங்கும். கைத்தட்டும்போது தலையைக் குனிந்துகொள்வார். எவ்வளவு அடக்கம் பார்த்தாயா என்று பேசிக்கொண்டார்கள். கடற்கரை ஊர்களுக்கு மட்டும் போவதை நிறுத்திவிட்டார். தொண்டை சரியில்லை என்று எழுதிவிடுவார். அங்கே யாராவது ஒருவர் எழுந்து, எந்த வருஷம் அது, எந்தப் பக்கம் ஒதுங்கியது என்று கேட்டால் நாறிப்போகும். அன்னத்தாய் ஒரே ஒரு தடவை, சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டே, நீங்கள் எப்போது மணப்பாட்டுக்குப் போனீர்கள் என்று கேட்டாள். கல்யாணத்துக்கு முன்னால் என்றார். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு வேறு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

நாலு வருஷம் இப்படி ஓடியது. தொண்ணூற்றொன்பதில் அவருடைய மகள் விஜயஸ்ரீ ஒன்பதாம் வகுப்பு. பள்ளியில் பேச்சுப்போட்டியில் முதல் பரிசு வாங்கிக்கொண்டு ஓடிவந்தாள். என்ன பேசினாய் என்று கேட்டார். அவள் கூடத்தின் நடுவில் நின்று பேசிக்காட்டினாள். என் தந்தை தன் கண்ணால் கண்டது இது என்று தொடங்கி, குரலைத் தாழ்த்தி, ஏழாம் நாள் என்று நிறுத்தினாள். அவர் நிறுத்துகிற அதே அளவு. அவள் கையில் பரிசாக வாங்கிய, மரத்தில் செய்த ஒரு சின்னக் கோப்பை. அவர் எழுந்து கொல்லைப்பக்கம் போய்த் தொட்டித் தண்ணீரை எடுத்து முகத்தில் அடித்துக்கொண்டார். தான் பொய்யன் என்பதை அவர் எப்படியோ சுமந்து பழகியிருந்தார். அந்தப் பொய்யைத் தூய மனசோடு பிள்ளை சொல்லி, அதற்காகப் பெருமைப்பட்டு நிற்பதைப் பார்க்க அவருக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது.

மறுவாரம் லீவு போட்டுவிட்டு மணிமுத்தாற்றுக்குப் பஸ் ஏறினார். பால்வாடிக்கு எதிரே சாலை அகலமாக, வெயிலாகக் கிடந்தது. சந்தனமாரி பிள்ளைகளுக்குச் சத்துமாவு உருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்து முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு, வாங்க அண்ணாச்சி என்று ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டாள். அந்த மரியாதை அவருக்கு அடி மாதிரி விழுந்தது. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார்.

பிறகு அவளும் சொன்னாள். விழா முடிந்து பதினைந்தாம் நாள் மரங்களை வெட்டினார்கள். வெட்டும்போது வேடிக்கை பார்த்த இரண்டு பெண்கள், அண்ணாச்சி சொன்ன திமிங்கலத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டு நின்றார்கள். அதற்குப் பிறகு இந்தச் சுவரில் ஒரு பூச்சிகூட வந்து உட்காரவில்லை. ஊரில் அவளுக்குப் பெயரே திமிங்கலம் டீச்சர். ஒரு வீட்டில் சொம்பு காணாமல் போனால்கூட, திமிங்கலத்தையே தூக்கியவளைக் கேளுங்கள் என்பார்கள். விளையாட்டுக்குத்தான். நாலு வருஷமாக விளையாட்டுக்குத்தான் என்றாள்.

மன்னித்துவிடு தாயி என்றார்.

“எங்கிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது அண்ணாச்சி? நான் களவாங்கலைன்னு எனக்குத் தெரியும். அங்கன இருந்தாவல்லா, அவங்ககிட்ட சொல்லுங்க. அந்தப் பூச்சி நெசம்னு ஒரு வாட்டி சொல்லிட்டுப் போங்க, போதும்.”

சொல்வதாக ஒத்துக்கொண்டார். அந்த அக்டோபரில் அதே மைதானம், அதே ஐந்து மணி. மன்றத்தார் ‘திமிங்கலப் புகழ்’ என்று அவர் பெயருக்கு முன்னால் போட்டு நோட்டீஸ் அடித்திருந்தார்கள். பட்டிமன்றம் வேண்டாம், தனியாகப் பேசுகிறேன் என்று அவர் கேட்டுக்கொண்டதற்கு அவர்கள் சந்தோஷத்தில் குதித்தார்கள். கூட்டம் அன்றைவிட அதிகம். பெண்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசையில் சந்தனமாரி, அம்மாவோடும் தெருக்காரர்களோடும் உட்கார்ந்திருந்தாள்.

சிவசண்முகம் சுற்றி வளைக்கவில்லை. நான் மணப்பாட்டுக்குப் போனதே இல்லை என்றார். திமிங்கலத்தை என் ஆயுளில் பார்த்ததில்லை என்றார். பின்பக்கத்தில் ஒருவர் சிரித்தார். அந்தக் கதை இந்த ஊர் டீச்சருடையது, அது பாம்புத்தலைப் பூச்சியின் கதை, பக்கத்து அறையில் கேட்டு இந்த மேடையில் திருடினேன் என்றார். சிரிப்பு பரவியது. அண்ணாச்சி புதுசாக ஏதோ எடுத்துவிடுகிறார் என்று முகங்கள் எல்லாம் மலர்ந்து முன்னால் சாய்ந்தன. சிரிக்காதீர்கள், சத்தியமாகச் சொல்கிறேன் என்று கையைக் கூப்பினார். அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அன்று இந்தப் பிள்ளை இங்கே கூனிக் குறுகி நின்றபோது ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்த பாவி நான் என்று சொல்லும்போது அவருக்கு அழுகை பொங்கிவிட்டது. தோளில் கிடந்த துண்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். கூட்டம் ஒரு கணம் அடங்கியது. அப்புறம் மைதானமே எழுந்து நின்று கைத்தட்டியது. திமிங்கலத்துக்குக்கூட இவ்வளவு தட்டவில்லை. மன்றச் செயலாளர் ஓடிவந்து பொன்னாடையைப் போர்த்தி, நடிப்பென்றால் இதல்லவா நடிப்பு என்று மைக்கிலேயே சொன்னான்.

மூன்றாவது வரிசையில் ஒருத்தி சந்தனமாரியின் தொடையில் தட்டி, ஒனக்காவ எப்படி நடிக்காவ பாத்தியாட்டி என்று சொல்லிச் சிரிப்பது மேடையிலிருந்தே தெரிந்தது.

கூட்டம் கலைந்துகொண்டிருந்தபோது அவள் மேடைக்குப் பின்னால் வந்தாள். பந்தல்காரர்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் பொன்னாடையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தபடி நின்றிருந்தார். நம்பவில்லையே தாயி, நான் என்ன செய்வேன் என்றார். அவள் வேறு ஒன்றைக் கேட்டாள். அவளுக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. குத்திக் கேட்கிற குரல் அது இல்லை.

“அண்ணாச்சி, மேடையில அழுதியல்லா. அது நெசமா?”

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தார் சிவசண்முகம். அழுகை பொங்கியது நிஜம்தான். ஆனால் பொங்கியபோது அவர் தலை மைக்கை விட்டு விலகி இருந்தது. சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்க வேண்டுமே என்று அரையடி முன்னால் வந்து, ஒரு மூச்சுப் பொறுத்து, அதற்குப் பிறகுதான் அழுதார். அந்த ஒரு மூச்சு அவருக்கு இப்போது ஞாபகம் வந்தது. அவள் பதிலுக்காகக் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு நேரமாச்சு, நீங்க போங்க அண்ணாச்சி என்றாள்.